உத்தரவு சாமி

மாடனைக் கட்டெறும்பு கடிக்குமா? நீங்களே சொல்லுங்கள். எரிகிற பிணத்தைத் தின்று வளர்ந்த சாமி என்று வில்லுப்பாட்டில் பாடுகிறார்கள். அப்பேர்ப்பட்ட சுடலைமாடன் என் வீட்டுக்காரர் மேல் இறங்கி நிற்கும்போது, கெண்டைக்காலில் எறும்பு கடித்தால் குனிந்து தட்டிவிடுவானா? போன வருசம் ஆடி மாசம் நடந்த கோயில் கொடைத் திருவிழாவில் தட்டிவிட்டான். பக்கத்தில் மஞ்சத்தண்ணிக் குடத்தோடு நின்ற நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் பேச்சிராஜ் அச்சன்புதூரில் எங்கள் குடும்பக் கோயிலின் கோமரத்தாடி. கொடை நாளில் சாமி இறங்கி ஆடுவது அவர் மேல்தான். மற்ற நாளில் வேன் ஓட்டுகிறார். சீசன் வந்தால் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஆளேற்றுவார். அவர் மேல் சாமி வந்ததற்கு அடையாளம் உண்டு. குதிகால் தரையில் பாவாது. கால்விரல்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். அப்புறம் பெரியவர் சின்னவர் கிடையாது, ஆம்பிளை எல்லாம் ஏலே, பொம்பளை எல்லாம் ஏட்டிதான். சாமி அப்படித்தான் பேசும். பல்லுப்போன கிழவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, 'உத்தரவு சாமி' என்று கேட்டுக்கொள்வார்.

ஆனால் எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. சாமி உடம்பைவிட்டு மலையேறியதும் கோமரத்தாடி குற்றாலத் தீர்த்தத்தில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். பிறகு மேளக்காரர் தொடங்கி வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறவர் வரை ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கையெடுத்து, 'பொறுத்துக்கிடணும்' என்று சொல்ல வேண்டும். சாமி இரவல் வாங்கிப் பேசிய வாய் அது. மனுசனிடம் திரும்பி வரும்போது அதில் திமிர் ஒட்டியிருக்கக் கூடாது என்பார்கள். என் மாமனார் சாகும்வரை செய்தார்.

இவரும் முதல் சில வருசம் செய்தார். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் குறி கேட்க ஆள் வர ஆரம்பித்தது. புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கிக் காலில் விழுந்தார். அதோடு போச்சு. சாமி மலையேறினாலும் ஏலே மட்டும் நாக்கைவிட்டு இறங்கவில்லை. வீட்டிலும், "ஏட்டி, மாடன் சொல்லுதேன், காப்பி கொண்டா" என்பார். "மாடனுக்குத்தான் சுகர் இருக்குல்லா, சீனி போடாமத் தாரேன்" என்பேன். சிரிக்க மாட்டார். சிரித்தால் சாமி குறைந்துபோகுமே!

அவருடைய பெரியப்பா மகன் பெயர் கடற்கரை. நான் அத்தான் என்று கூப்பிடுவேன். விவசாயம் பார்த்தவர், சாது. பேச வேண்டும் என்றால் முதலில் தொண்டையை மெல்லச் செருமிக்கொள்வார், வாயைத் திறக்கவே அனுமதி கேட்பதுபோல. போன வருசம் கொடைக்கு வரி பேசிய கூட்டத்தில் அவர் அப்படிச் செருமிவிட்டு, "தம்பி, பொறுத்துக்கிடச் சொல்லிக் கேக்கிற வழக்கத்த விட்டுட்டியே. அது நம்ம அப்பனுவ வச்சது. இந்தக் கொடையிலயாவது செய்யிப்பா" என்றார். அவ்வளவுதான். அதில் ஒரு சொல் வன்மையாக உண்டா? என் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது.

கொடையன்று மத்தியானம் மாடன் வந்தான், ஆடினான், மலையேறினான். குதிகால் தரையில் பதிந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன். எறும்பைத் தட்டிவிட்டு நிமிர்ந்தவர், பிரம்பை நீட்டி, "ஏலே கடற்கரை! என் கோமரத்தாடிக்குப் புத்தி சொல்ல நீ யாருலே? இனி ஏங் கோயில் வாசல மிதிக்காத! மிதிச்சா வெளக்கு அணையும்லே!" என்றார்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "உத்தரவு சாமி" என்றார். சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்று பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார். வாசலில் கால் தடுக்கியது. ஒருவரும் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அது சாமி சொன்னதா, நீங்க சொன்னதா?"

"மாடங்கிட்டயே கேள்வி கேக்கியாட்டி?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

அத்தான் அதற்குப் பிறகு கோயில் பக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தெருமுக்கு வேப்பமரத்தடியில் நின்று, அங்கிருந்தே கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். மார்கழியில் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி காளீஸ்வரி அக்கா கோயிலுக்கு ஓடித் திருநீறு எடுத்து வருகிறேன் என்று எழுந்திருக்கிறாள். "வேண்டாம், எனக்கு உத்தரவு இல்ல" என்று கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். தென்காசிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நெற்றியில் ஒரு பொட்டுத் திருநீறு இல்லாமல் அந்த மனுசன் போனார். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஊர் என்ன சொன்னது? மாடன் அடித்துவிட்டான் என்றது. அடுத்த வெள்ளிக்கிழமை குறி கேட்க இரட்டிப்புக் கூட்டம். அக்காவின் மகள் சத்யபிரியாவுக்கு ஆய்க்குடியில் பேசி வைத்திருந்த சம்பந்தம், சாமி குத்தம் உள்ள வீடு என்று முறிந்தது.

குரல் வந்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் அவருக்கு மட்டும் கேட்டிருக்கிறது. டீக்கடையில், "ஏலே, இது டீயா கழனித்தண்ணியா?" என்று மாஸ்டரை அதட்டியிருக்கிறார். காதுக்குப் பக்கத்தில் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, "உத்தரவு சாமி." யாரோ கேலி செய்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் ஆளில்லை. வேன் ஸ்டாண்டில் ஒரு டிரைவரை ஏலே என்றபோது பின்சீட்டிலிருந்து வந்ததாம். வண்டி காலியாக இருந்ததாம். என்னிடம் சொன்னபோது, "சீனி ஏறிருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

பிறகு நானே கேட்டேன். கேட்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒரு நாள் காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "ஏட்டி, சட்டை எங்கட்டி?" என்று உள்ளே இருந்து கத்தினார். கொடியில் தொங்கிய ஈரவேட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல். "உத்தரவு சாமி." வேட்டியை விலக்கிப் பார்த்தேன். கிணறும் முருங்கைமரமும்தான். அதட்டலாக, ஆங்காரமாகக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். உயிரோடு இருந்தபோது எப்படிப் பணிந்து சொன்னாரோ அதே பணிவு. அந்தப் பணிவைத்தான் தாங்க முடியவில்லை. ஈரத் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மரியாதையாகப் பேசினால் குரல் வராது. அதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். அப்புறம் பார்க்க வேண்டுமே! "ஆவுடை, கொஞ்சம் தண்ணி தாரீகளா?" என்றார் என்னிடம். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து கேட்காத மரியாதை! கொல்லையில் மேய்ந்த ஆட்டைக்கூட, "அங்கிட்டுப் போங்க" என்றார். குழாயடியில் பெண்கள், "ஒன் வீட்டுக்காரருக்கு நல்ல பக்குவம் வந்துட்டுட்டி" என்றார்கள். பக்குவமாவது பனங்காயாவது. அத்தனையும் பயம். பணிவு என்றால் அந்த அக்கா வீட்டு வாசலில் போய் நின்றிருக்க மாட்டாரா?

"போய் ஒங்க காளீஸ்வரி மதினிகிட்ட உண்மையச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா? போன கொடையில பேசுனது நானுன்னா, அதுக்கு முந்துன கொடையில பேசுனது யாருன்னு கேப்பானுவ. நான் சொன்ன குறி, கட்டிவிட்ட கயிறு, எல்லாத்தையும் கேப்பானுவ. அப்புறம் நான் யாரு, ஆவுடை? வெறும் வேன் டிரைவரு."

இந்த வருசம் ஆடிக்கொடை வந்தது. காலையில் தீர்த்தம் எடுக்கக் குற்றாலத்துக்குப் போனோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது, அருவியில் நல்ல தண்ணீர். குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் அருவிக்குள் போனார். அந்த இரைச்சலில் தனக்கே கேட்காது என்று நினைத்து, பாறையைப் பார்த்து வாய்விட்டு ஏலே என்று கத்தியிருக்கிறார். அவ்வளவு தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலும் செருமல் தெளிவாகக் கேட்டதாம். வெளியே வரும்போது உதடெல்லாம் நீலம். "அண்ணன் கூடவே குளிக்கான் ஆவுடை" என்றார்.

மத்தியானம் கொடை. சாமியாடி உடுக்கிற சல்லடம் கட்டி, இடுப்பில் மணி கட்டி, பிரம்போடு கோயில் முன்னால் நிறுத்தினார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. வில்லுப்பாட்டுக்காரி மாடன் கதையில் சுடுகாடு வரைக்கும் வந்துவிட்டாள். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் தரையில் ஆணி அடித்தாற்போல இருந்தது. மாடன் வரவில்லை.

கமிட்டித் தலைவர் விஜய்பாண்டி, இவருக்கு மகன் முறை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "சித்தப்பா, லைவ் போய்க்கிட்டு இருக்கு. துபாய்ல இருந்தெல்லாம் பாக்காவ. ஆடுங்க."

அவர் கண்ணை மூடினார். எம்பிக் குதித்தார். சுற்றினார். பிரம்பை ஓங்கினார். ஊர் குலவை போட்டது. நான் காலைப் பார்த்தேன், விரல் ஒன்றுகூடச் சுருளவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "ஏலே!" என்று அலறினார். "மாடன் வந்துருக்கேம்லே!"

தொண்டையைச் செருமும் சத்தம்.

"உத்தரவு சாமி."

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. மேளம் நின்றது. வில்லுப்பாட்டுக்காரியின் கையிலிருந்த வீசுகோல் அப்படியே நின்றது. குரல் வந்தது தெருமுக்கு வேப்பமரத்தடியிலிருந்து. ஊரே திரும்பிப் பார்த்தது. அங்கே காளீஸ்வரி அக்கா தனியாக நின்றாள். கணவர் நின்ற இடத்தில், அவரைப் போலவே கோயிலுக்குள் வராமல் கும்பிடுவதற்காக வந்திருக்கிறாள். கும்பிட்ட கை அந்தரத்தில் இருக்க, தன் பக்கத்தில் ஆளில்லாத இடத்தை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் பிரம்பைக் கீழே போட்டார். என் கையிலிருந்த தீர்த்தக் குடத்தைச் சாய்த்து வாயைக் கொப்பளித்தார். பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வேப்பமரத்துக்கு நடந்தார். இடுப்பு மணி அடிக்கு அடி குலுங்கியது. ஊர் அவர் பின்னாலேயே போனது.

"மதினி," என்றார். "போன கொடையில அண்ணன வெளிய போகச் சொன்னது மாடன் இல்ல. மாடன் அப்பமே மலையேறிட்டான். நாந்தான் பேசுனேன். சாமி வாயால ஏங் கோவத்தப் பேசிட்டேன்."

"சித்தப்பா, என்ன பேசுதீய?" என்று விஜய்பாண்டி பதறி போனை அணைத்தான்.

"உள்ளதத்தான் பேசுதேன். அண்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல. அவுக வீட்டு மேலயும் இல்ல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க." அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்தார். "அண்ணே, பொறுத்துக்கிடணும்."

எல்லாரும் காத்திருந்தோம். மேற்கே மலையிலிருந்து சாரல் காற்று வந்து வேப்பிலையை அசைத்தது. செருமல் இல்லை.

அக்கா அழுவாள், மண்ணள்ளித் தூற்றுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"கொழுந்தனாரே, இப்பப் பேசுனது அவுகதான?"

"ஆமா மதினி."

"முந்தியும் பேசுவாகளா?"

"அவுக செத்ததுலருந்து கேக்கு. நான் யாரையாவது அதட்டுனா கேக்கும்."

"இத்தன மாசமா ஒமக்குக் கேட்டுருக்கு." அக்கா இன்னும் ஓரடி நெருங்கினாள். "நான் ஒத்தையில கெடந்து செவரோட பேசுதேன். எனக்கு ஒரு தடவகூட வரல. இன்னைக்குத்தான் கேட்டேன். மேளச் சத்தத்துல சரியாக்கூடக் கேக்கல." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ அதட்டும். பேர் சொல்லி அதட்டும்."

"மதினி, நான் எப்படி..."

"அன்னைக்கு ஊரு முன்னாடி சொல்லத் தெரிஞ்சுதுல்லா? இப்பச் சொல்லும்! எனக்கு ஒம்ம மன்னிப்பு வேண்டாம், அவுக சத்தம் வேணும்!"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்து கழுத்து மாலையில் விழுந்தது. "ஏலே," என்றார். சத்தமே வரவில்லை. மறுபடியும், "ஏலே... ஏலே கடற்கர..."

ஒன்றும் இல்லை. அக்கா வேப்பமரத்தில் காதை வைத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சத்யபிரியா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் குரல் அதற்குப் பிறகு யாருக்கும் வரவில்லை. மாடனும் யார் மேலும் இறங்கவில்லை. குறி கேட்க ஆள் வருவதில்லை. என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். எல்லாரிடமும் மரியாதையாகத்தான் பேசுகிறார். ஒவ்வொரு தடவை பேசி முடித்ததும் கொஞ்சம் நின்று காது கொடுக்கிறார்.

வெள்ளிக்கிழமை மட்டும் காளீஸ்வரி அக்கா எங்கள் வீட்டுக்கு வருவாள். காப்பி கொடுத்தால் குடிப்பாள். பிறகு அவர் எதிரில் உட்கார்ந்து, "சொல்லும்" என்பாள். அவர் எழுந்து நிற்பார். "ஏலே கடற்கர" என்பார். மூன்று பேரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்போம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் கும்பிட்ட கையை இறக்குவதில்லை.