கண்ணாடிக் குழாயும் விஸ்வேஸ்வரன் மிளகும்

தொண்ணூற்றாறில் நடந்தது இது, கண்ணுகளா. மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் நீலாம்பாளுக்கு வேலை. அங்கே அடுப்புமாதிரி ஒரு பெட்டி. அதற்குள் சுருள்சுருளாய் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே சன்னமான பொடி அடைத்து. மிளகிலிருந்து எடுத்த சாற்றில் ஒரு துளியை ஊசியால் ஏற்றினால், ஆவியாகிப் பொடிக்குள் நுழைந்து, கலந்ததெல்லாம் தனித்தனியாய் வெளியே வரும். பூச்சிமருந்து இருந்தால், பெட்டியோடு சேர்ந்த பேனா காகிதத்தில் மலைமாதிரி கோடு வரையும். உலோகக் குழாய் ஆகாது. சூட்டில் மருந்து அதில் பட்டுச் சிதைந்து, இருப்பதும் இல்லையென்று காட்டும். அதனால்தான் கண்ணாடி.

அன்று அவள் குழாயைக் கழற்றி, அதன் வாயில் அழுக்கேறிய பஞ்சை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணா விஸ்வேஸ்வரன் வந்து நின்றார். பஜாரில் மிளகு மண்டி வைத்திருந்தவர். அவர் சரக்குக்குத்தான் அடுத்த பரிசோதனை.

"நீலா, தப்புப் பண்ணிட்டேன்டி. மண்டியிலே சிதல், கரையான், ஏறித்துன்னு மூட்டைக்கு அடியிலே பொடி தூவினேன்."

"என்ன பொடி?"

"பூச்சிக்குப் போடற வெள்ளைப் பொடி. அப்பாவும் தூவினதாக்கும்." குழாயைப் பார்த்தார். "இது உடைஞ்சா?"

"பம்பாயிலேருந்து வேற வரணும். ஒரு மாசம் ஆகும்."

"கப்பல் சனிக்கிழமை. குழாய் இல்லேன்னா பழைய சான்றிதழை வெச்சே அனுப்பிடுவா. பொடி பிடிபட்டா மண்டி போச்சு. கண்ணாடிதானே நீலா, உடையாதா?"

"சின்ன வயசுலே மாங்காய் ஊறுகாய்ப் பரணியை உடைச்சுட்டுப் பழியை என் தலையிலே போட்டே. இன்னும் அந்தப் பழக்கம் போகலையா?"

அவர் சிரிக்கவில்லை.

குழாயை மாட்டினாள். மரையைக் கையால் இறுக்கி, ஸ்பானரால் துளி திருப்ப வேண்டும். நூலளவு கூடினாலும் 'டிக்'கென்று போய்விடும். யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். அண்ணா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அப்பா இடத்தில் நின்று அவளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்த மனுஷர். அதெல்லாம் நினைவில்லாமலா, குழந்தைகளே? துளி திருப்பினாள். ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"நீ போ, அண்ணா."

மறுநாள் பேனா மலை வரைந்தது. மூட்டைகள் தள்ளுவண்டியில் மண்டிக்கே திரும்பின.

"இங்கே பஜாரிலே குடுத்தா யார் சோதிக்கப்போறா?" என்று அண்ணா கேட்டார்.

"யாரும் சோதிக்கமாட்டா. ரசத்திலே போட்டுச் சாப்பிடுவா."

அவர் விற்கவில்லை. மழையில் மூட்டைகள் பூசணம் பூத்தன. மண்டியை மூடிவிட்டுத் திருப்பூணித்துறைக்குக் குடிபோனார். போகும்போது தங்கையிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கழற்றும்போது அந்தக் குழாய் அவள் கையிலேயே உடைந்தது. "போட்டே சேச்சி, கண்ணாடியல்லே" என்று, போனால் போகட்டும் என மலையாளத்தில் தேற்றினான் கூட வேலைபார்த்த நாணு. அவள் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் திருப்பூணித்துறைக்குப் பஸ் ஏறினாள். கதவைத் திறந்தது அண்ணாதான். முடி முழுக்க நரைத்திருந்தது.

"குழாய் உடைஞ்சுடுத்து, அண்ணா."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"யார் உடைச்சா?"

"நான்தான்."

"சரி, என் தலையிலே போடு" என்று சொல்லி, உள்ளே வர வழிவிட்டார்.