காரணம் தெரியாத தீ

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கு நீதிமன்றமே ஒரு வக்கீலை நியமித்துவிடும். அந்த வக்கீலுக்குத் துப்பறிய ஆளோ, டாக்டரோ, கைரேகை நிபுணரோ தேவைப்பட்டால் என் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு எதிரே, பல் டாக்டர் ஒருவரின் மாடியில் இரண்டு அறைகள். பதினொரு வருடமாக நடீன் ப்ராக்வே என்ற நான்தான் அங்கே பொறுப்பு.

விண்ணப்பமே போடாத வக்கீல்களின் பெயர்களும் எனக்கு மனப்பாடம். முதலில் வருவது ஹார்லன் ஸ்டப். மோசமான வக்கீல் இல்லை. நேரத்துக்கு வருவார், சிறைக்குப் போய்க் கட்சிக்காரர்களைப் பார்ப்பார், பிறகு அரசுத் தரப்போடு பேசி ஒரு தண்டனைக்கு ஒத்துக்கொள்ளச் சொல்வார். இந்தப் பதினொரு வருடத்தில் என்னிடம் ஒரு நிபுணரைக்கூட அவர் கேட்டதில்லை.

ஜனவரியில் லோனி வாஸ்கோ வழக்கு அவரிடம் போனது. லோனி கூரை வேய்கிறவன், நாற்பத்து மூன்று வயது. மில் தெருவில் அவன் வாடகைக்கு இருந்த வீடு நவம்பரில் எரிந்துபோனது. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் அவன் மனைவி கார்லீன் சண்டை போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய சாமான்கள் எல்லாம் உள்ளே இருந்தன. தரையில் இருக்கும் கரித்தடங்களைப் பார்த்தால் பெட்ரோல் ஊற்றியது தெரிகிறது என்று அரசுத் தீ ஆய்வாளர் எழுதிக் கொடுத்தார். லோனி சிறையில் இருந்தான்.

நான் ஹார்லனுக்குப் போன் செய்தேன்.

“லேப்ல பெட்ரோல் இருந்துச்சுன்னு சொன்னாங்களா, ஹார்லன்?”

“இல்ல. தீயணைக்கத் தண்ணி அடிச்சதுல போயிருக்கும்னு எழுதியிருக்காங்க.”

“அப்ப நம்ம பக்கம் ஒரு ஆள விட்டுப் பாக்கலாமே?”

“நடீன், அவன் பொண்டாட்டியே அவன்தான் கொளுத்தினான்னு சொல்றா. எட்டு வருஷம்னு பேசி வச்சிருக்கேன். நிபுணர் அது இதுன்னு ஆரம்பிச்சா அதுவும் கைய விட்டுப் போயிடும்.”

வக்கீல் கேட்காமல் நான் யாரையும் அனுப்ப முடியாது. அது விதி. போனை வைத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒடெஸ்ஸா ப்ரூட் வேறொரு வழக்கின் அறிக்கையோடு வந்தாள். காப்பீட்டு வேலையை விட்டுவிட்டு எங்கள் வக்கீல்களுக்காகத் துப்பறிகிறவள். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

“மில் தெருவுல எரிஞ்ச வீட்டச் சுத்தி வேலி போட்டுட்டாங்க பாத்தியா? செவ்வாய்க்கிழமை இடிக்கிறாங்களாம்.”

“யார் சொன்னா?”

“வேலியிலயே போர்டு தொங்குது. உனக்குத்தான் இந்த மாடிய விட்டு இறங்கினா கால் தேஞ்சுடுமே.”

விண்ணப்பங்களைப் பார்க்கும் குழு புதன்கிழமைதான் கூடும். அவசரமென்றால் நானே அனுமதிக்கலாம். ஆனால் வக்கீலின் கையெழுத்து வேண்டும். ஹார்லன் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை அவர் எங்கே இருப்பார் என்பது ஊருக்கே தெரியும். காரை ஏரிக்கரையில் விட்டுவிட்டு, உறைந்த ஏரியின்மேல் அரை மைல் நடந்து, அவருடைய மீன்பிடிக் குடிசையின் பலகைக் கதவைத் தட்டினேன்.

ஹார்லன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, பனிக்கட்டியில் போட்ட துளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மீன் பயந்துடும், மெதுவா பேசு” என்றார்.

வீடு இடிபடப் போவதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தூண்டிலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“பத்தொம்பது வருஷம் முன்னாடி ஒரு நிபுணரக் கூட்டிட்டு வந்தேன். அரசு வக்கீல் அரை மணி நேரத்துல அவனைக் கிழிச்சுத் தொங்கவிட்டான். ஆறு வருஷத்தோட முடிஞ்சிருக்க வேண்டிய பையன் இருபது வருஷத்துக்குப் போனான். அவங்கம்மா இன்னும் கடையில என்னைப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கறா.”

எனக்கு அது தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

“நாம அனுப்பற ஆள் பாத்துட்டு நமக்கு எதிரா சொன்னா, அத நீங்க யார்கிட்டயும் காட்ட வேண்டியதில்ல. ஆனா செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் பாக்கறதுக்கே ஒண்ணும் இருக்காது.”

“நீ ஏரியில நடந்து வந்ததே நான் என் வேலையச் சரியா பாக்கலங்கறதுக்குச் சாட்சிதான். விண்ணப்பத்தக் குடு.”

குளிரில் பேனா எழுதவில்லை. அவர் அதை அக்குளில் வைத்துக்கொண்டு மீனுக்காகக் காத்திருந்தார். கொஞ்சம் சூடானதும் முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நிபுணரின் பெயர் கஸ் லிண்ட்குவிஸ்ட். முப்பது வருடம் தீயணைப்பு வீரராக இருந்தவர். ஞாயிறன்று ஒன்பது மணி நேரம் கார் ஓட்டி வந்துசேர்ந்தார். திங்கள் காலை ஹார்லன் நீதிபதியிடம் ஓடி, உள்ளே போய்ப் பார்க்க உத்தரவு வாங்கினார். அன்று சாயங்காலம் வரைதான் அவகாசம். கஸ் முழங்கால் போட்டுக்கொண்டு, சிறு கரண்டியும் தூரிகையுமாகச் சமையலறைத் தரையை அடி அடியாகச் சுத்தம் செய்து படமெடுத்தார். கோர்ட்டுக்குப் போட்ட மெல்லிய ஷூவோடு ஹார்லன் பனியில் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் நான் காப்பி கொண்டுபோனேன். இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது, ஏழு பக்கம். ஓர் அறையில் சூடு ஏறி ஏறி ஒரு கட்டத்தில் எல்லாமே ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அதற்குப்பின் தரைத் தடங்களை வைத்து எதையும் சொல்ல முடியாது. பெட்ரோல் ஊற்றாத வீடுகளிலும் அதே தடங்கள் வரும். தீயின் காரணம்: தெரியவில்லை.

ஹார்லன் என் மேசையிலிருந்தே கஸ்ஸுக்குப் போன் போட்டார்.

“இவ்வளவு தூரம் வந்து தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளாய்யா?”

“தெரியாததத் தெரியும்னு சொல்ல அவங்ககிட்ட ஏற்கனவே ஒருத்தர் இருக்காரே” என்றார் கஸ்.

மார்ச்சில் விசாரணை. கஸ் கூண்டில் ஏறி இரண்டு மணி நேரம் பேசினார். அவரை யாராலும் கிழிக்க முடியவில்லை. பிறகு ஹார்லன் கேள்விமேல் கேள்வி கேட்க, தடங்களைத் தவிர வேறு ஆதாரம் தன்னிடம் இல்லையென்று அரசு ஆய்வாளர் ஒத்துக்கொண்டார். மறுவாரம் அரசுத் தரப்பு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

லோனியை நான் முதல்முறை பார்த்தது அதற்கு நான்கு நாள் கழித்து. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தான்.

“மேடம், நீங்கதான் அந்தத் தீக்காரர அனுப்பினீங்களாமே. நான் கொளுத்தலன்னு அவர ஒரு தாள்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

“வழக்க வாபஸ் வாங்கின உத்தரவு இருக்கே, லோனி.”

“அதையும் அவர் அறிக்கையையும் காட்டினேன். ‘தெரியாதுன்னுதானே போட்டிருக்கு, நீ பண்ணலன்னு எங்க போட்டிருக்கு?’ன்னு கேக்கறா கார்லீன்.”

அப்படி ஒரு தாளை யாராலும் தர முடியாது என்றேன். அவன் வாதாடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். நான் அவனை நம்புகிறேனா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. எங்கள் வேலைக்கு அந்தப் பதில் தேவைப்படுவதில்லை. அவனுக்கு அது ஒன்றுதான் தேவைப்பட்டது.

ஹார்லனைக் கூப்பிட்டேன். வந்தார், எல்லாவற்றையும் கேட்டார், லோனியின் சம்மதத்தோடு கார்லீனுக்குப் போன் செய்தார். கஸ் அவளிடம் நேரடியாகப் பேசுவதென்று முடிவானது. அதற்கு எங்கள் படிவங்களில் இடமில்லை. கஸ்ஸும் படிவம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு நான் கஸ்ஸிடம் விசாரித்தேன்.

“முக்கால் மணி நேரம் பேசினோம். ‘அவர் கொளுத்தலன்னு சத்தியமா சொல்லுவீங்களா?’ன்னு கேட்டாங்க. மாட்டேன்னேன். ‘கொளுத்தினார்னு சொல்லுவீங்களா?’ன்னாங்க. அதுவும் மாட்டேன்னேன். அப்புறம் சமையலறைச் சுவத்துல இருந்த ஒயரப் பத்திக் கேட்டாங்க. ரொம்பப் பழைய ஒயரு, எரிஞ்சு உருகிடுச்சு, அதுவா இருந்தாலும் இருக்கலாம்னேன். அழுதாங்க. போன வச்சுட்டாங்க.”

கார்லீன் அவனிடம் திரும்பி வரவில்லை. அவன்தான் கொளுத்தினான் என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள் என்று ஹார்லன் சொன்னார். இப்போது லோனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறான். முதல் வாரம் கார்லீன் சங்கிலியைக் கழற்றாமலே கதவைத் திறந்து பேசினாளாம். மூன்றாவது வாரம் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறாள்.