சுத்தியை இறக்கும் விரல்

வாஸின் துப்பாக்கிக் கடையில் அன்று காலை மூன்று பேர். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் வாஸ். அடுப்பை ஒட்டிய ஸ்டூலில் ஹோலிஸ் டார்வர். தோட்டாப் பெட்டிமேல் அவன் மனைவி லார்னா, மடியில் தாளும் உறையும் வைத்துக்கொண்டு.

பதினொரு மணிக்குத் தபால் வண்டி. கோடை முழுக்க மலைமேல் மாடுகளோடு தனியாக இருக்க ஹோலிஸ் வருகிறானா இல்லையா என்று வயோமிங் பண்ணையாளர் சங்கத்துக்கு அதற்குள் பதில் போயாக வேண்டும். பத்தொன்பது கோடை அவன்தான் போனான். வேறு வேலை தெரியாது. கரடி நடமாடும் மலை. இடுப்பில் துப்பாக்கி இல்லாதவனைச் சங்கம் அனுப்பாது.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு காளைக்குச் சுருக்குக் கயிறு வீசினான். சேணத்தின் கொம்பில் கயிற்றைச் சுற்றும்போது கட்டைவிரல் மேலே நிமிர்ந்திருக்க வேண்டும். அவசரத்தில் மடக்கிவிட்டான். காளை இழுத்த இழுப்பில் வலது கட்டைவிரல் போயிற்று.

"இடது கையால சுடேன்டா," என்றான் வாஸ்.

"அதுல கடிவாளம் இருக்கும். விட்டேன்னா, கரடியப் பார்த்த குதிரை உன் கடை வாசல்லதான் வந்து நிக்கும்."

"வரட்டும். உன்னைவிட அது சீக்கிரம் முடிவு பண்ணும்."

விசையை அழுத்தினாலே சுடும் வகையை முதலிலேயே பார்த்தாயிற்று. விசை கனம், கட்டைவிரல் இல்லாத பிடியில் துப்பாக்கி திரும்பிக்கொண்டது. மிச்சம், ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியின் பின்புறச் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைக்கும் பழைய மாதிரி ரிவால்வர்கள் மூன்று. முதலாவதில் மற்ற விரல்கள் சுத்தியை எட்டவில்லை. இரண்டாவதில் வழுக்கியது. மூன்றாவதன் சுத்தி அகலம். ஹோலிஸ் அதை இடுப்புவாரில் அழுத்தித் தேய்த்தான். சுத்தி பின்னுக்குப் போய் நின்றது.

லார்னா எழுந்தேவிட்டாள். "வந்துருச்சு!"

"சரி," என்றான் வாஸ். "கரடி திரும்பிப் போயிருச்சு. இப்போ சுடாம சுத்திய இறக்கு."

ஹோலிஸ் உள்ளங்கை விளிம்பால் சுத்தியைத் தாங்கிக்கொண்டு விசையைத் தொட்டான். சுத்தி நழுவி 'டக்'கென்று விழுந்தது. காலித் துப்பாக்கிதான், ஆனால் முனை அவன் முழங்காலைப் பார்த்திருந்தது.

மறுபடி. மறுபடி. ஒவ்வொரு முறையும் அதே சத்தம்.

"உன் இடத்துக்கு யாரு?" என்று கேட்டாள் லார்னா.

"பெக்ஸ்ட்ராம். எந்த ஊத்து எப்ப வத்தும்னுகூட அவனுக்குத் தெரியாது."

"நீ என்ன பண்ணுவே?"

"எழுது."

இந்தக் கோடை வரவில்லை என்று ஒரே வரி எழுதினாள். கையெழுத்தை அவனே இடது கையால் கோணலாகப் போட்டான். அவள் உறையை நாக்கால் நனைத்து மடித்தாள். அவன் நான்கு விரல்களால் அழுத்தி ஒட்டினான். வாசலில் தபால்காரர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.