ரஞ்சனாவுக்கு வாங்கிய கிளைடர்

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் ஒரே தடவையில் வாங்க வேண்டும், பெரியதாக வாங்க வேண்டும். இது என் சட்டம். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஷூவின் முனையில் பஞ்சு அடைத்துத்தான் அனுப்பினேன். இப்போது இரண்டே பேர் இருக்கிற வீட்டில் பத்து லிட்டர் குக்கர் இருக்கிறது. எங்கள் பாலிகஞ்ச் ஃப்ளாட்டின் சமையலறை வாசலைப் பாதி மறைத்துக்கொண்டு ஒரு ஃப்ரிட்ஜ் நிற்கிறது. "வாங்குறதை வாங்குறோம், நல்லதா வாங்கிட்டா திரும்பிப் பார்க்க வேண்டாம் பாரு" என்று நான் சொன்னால் என் மனைவி ரஞ்சனா தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். முப்பத்தோரு வருஷத்தில் இந்தச் சட்டத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அந்தத் திமிர்தான் எனக்கு.

போன செப்டம்பரில் கண் டாக்டர், ரஞ்சனாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறுகிற கிளாக்கோமா முற்றியிருக்கிறது என்றார். பக்கவாட்டுப் பார்வை ஏற்கெனவே நிறையப் போயிருந்தது. நேராகப் பார்ப்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம், அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். நான் அவரிடம் இன்னொரு டாக்டரின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரஞ்சனா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் டாக்ஸிக்கு நின்றபோது சொன்னாள். "எனக்கு ஒரு கிளைடர் வேணுங்க."

அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். கிளைடர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரிமோட்ல பறக்குமே, அதுங்க. சாந்த்ராகாச்சிக்குப் போனப்ப அண்ணன் வீட்டு மாடியில இருந்து பாத்தேன். ரயில் யார்டுக்கு அந்தப் பக்கம் மைதானத்துல விடுறாங்க. மேல ஏறினதும் மோட்டாரை நிறுத்திடுறாங்க. அப்புறம் சத்தமே இல்லாம சுத்திட்டே இருக்கு."

"உனக்கு எதுக்கு அது, இந்த வயசுல?"

"எவ்வளவு உசரத்துல போனாலும் இப்ப எனக்குத் தெரியுது. அடுத்த வருஷம் தெரியுமோ என்னமோ. இந்தக் குளிர்காலத்துல ஒரு தடவையாவது நானே ஓட்டிப் பாத்துடணும்."

அவள் அப்பா ரயில்வேக்காரர். சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தாள். அங்கே ஏரிக்கு வருகிற வாத்துக் கூட்டம் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே சின்ன வயதில் பள்ளிக்கு மட்டம் போட்டவள். இதெல்லாம் எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று ஒரு பொருளை வாய்விட்டுக் கேட்டதில்லை என்பதும் தெரியும். ஆகையால், இதைச் சாதாரணமாக வாங்கிவிடக் கூடாது என்று அந்த டாக்ஸியிலேயே முடிவு பண்ணினேன். இழவு, அங்கேதான் பிடித்தது சனி.

துர்கா பூஜை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்துக்குப் போனோம். ஹவுராவில் லேத் பட்டறை வைத்திருக்கும் மதுசூதன் என்பவர் அங்கே வாராவாரம் பறக்கவிடுகிறார். எல்லோருக்கும் அவர் மதுதா, அதாவது மது அண்ணன். ரஞ்சனா வங்காளத்தில் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். தன்னுடைய கிளைடரைக் கொண்டுவந்து காட்டினார். தெர்மோகோல் மாதிரியான நுரையில் செய்தது. இறக்கை ஒன்றரை மீட்டர், நுனிகள் இரண்டும் மேல்நோக்கி வளைந்திருந்தன. மூக்கில் ஒரு சின்ன மோட்டார். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாகப் பூசியிருந்தார்.

"பௌதி, முதல் கிளைடர்னா இதுதான்" என்று அண்ணி முறை வைத்து அவளிடம் சொன்னார். "மெதுவாப் போகும். தடுமாறினா ரிமோட் குச்சியில இருந்து கையை எடுத்துடுங்க, தானே நிமிர்ந்துக்கும். இந்த இறக்கை வளைவு அதுக்குத்தான். விழுந்தாலும் பசை போட்டு ஒட்டிட்டு அரை மணியில திரும்பப் பறக்கலாம்."

கையால் வீசினார். அது விர்ரென்று ஏறியது. மோட்டாரை நிறுத்தியதும் விசிறி மடங்கிக்கொண்டது. பிறகு சத்தமே இல்லை. ரஞ்சனா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்து அவள் முகம் அப்படி இருந்தது எங்கள் மகள் பிறந்தபோதுதான்.

மதுதா ரேடியோவை, அதாவது அந்த ரிமோட்டை, அவளிடம் நீட்டினார். "பிடிங்க பௌதி. இப்ப நல்ல உயரத்துல இருக்கு. ஒண்ணும் ஆகாது."

அவள் கை நீட்டினாள். என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா? "வேண்டாம் வேண்டாம், அடுத்தவங்க பொருள். உடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா நல்லாவா இருக்கும்? நம்மளுது வரட்டும், நாள் பூரா ஓட்டு" என்றேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். மதுதா இரண்டாம் தடவையும் சொன்னார். நான் இரண்டாம் தடவையும் தடுத்தேன். பிறத்தியார் பொருளைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தார்கள், அந்த மரியாதையை நான் அவள் தலையில் கட்டினேன்.

திரும்பும் வழியில், வித்யாசாகர் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கையில், "அதே மாதிரி ஒண்ணு போதுங்க" என்றாள்.

"அது பழகுறதுக்கு. அதுல இறக்கையில அசையுற மடலே கிடையாது பாத்தியா? வால் மட்டும்தான் அசையுது. ஆறே மாசத்துல அலுத்துடும், அப்புறம் இன்னொண்ணு வாங்கணும்."

"எனக்கு ஆறு மாசம் போதும்."

சொன்னாள். இந்த வார்த்தையைத்தான் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. மனதுக்குள் நோட்டுப் புத்தகத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்தே ரிடையர் ஆனவன். பதினான்கு கிளைடர்களை வரிசையாக எழுதினேன். இறக்கை நீளம், எடை, பாட்டரி, எத்தனை சானல். அக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று. பால்கனியில் இளவெயில், வானம் துடைத்த மாதிரி கிடந்தது. ரஞ்சனா காலையும் மாலையும் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, "என்னங்க, முடிவாச்சா?" என்று கேட்பாள். "அவசரப்பட்டா முடியுமா? விசாரிச்சு வாங்கணும்" என்பேன். கடைசியில் இரண்டரை மீட்டர் இறக்கையுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நேரான இறக்கை, அதில் மடல்கள், இறங்கும்போது வேகம் குறைக்கத் தனியாக இன்னும் இரண்டு மடல்கள். பார்ப்பதற்கு நிஜ விமானம். கடையில் சரக்கு இல்லை, ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் சின்னது ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். "ரெண்டெதுக்கு?" என்றேன்.

ஜனவரி நடுவில் பெட்டி வந்தது. சாப்பாட்டு மேஜையை முழுக்க அடைத்துக்கொண்டது. பதினைந்து நாள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரஞ்சனா அதன் இறக்கையைத் தடவிப் பார்த்தாள்.

"மொத்தமும் வெள்ளையா இருக்கே. அடியில கறுப்பு பூசிடலாமா? மதுதா பூசியிருந்தாரே. எனக்குக் கொஞ்சம் தெரியும்."

"எப்பேர்ப்பட்ட ஃபினிஷ் இது! பெயின்ட் அடிச்சுக் கெடுக்கச் சொல்றியே!" என்று எரிந்துவிழுந்தேன்.

பெயின்ட் அடித்திருக்கலாம். ஒரு டப்பா பெயின்ட்.

பிப்ரவரி முதல் ஞாயிறு. மைதானத்தில் அதைப் பூட்டி நிறுத்தியதும் எல்லோரும் கூடிவிட்டார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. மதுதா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது முதல் கிளைடர் இல்லை, வேகம் அதிகம், கையை எடுத்தால் நிமிராது, முதல் பறப்பை நானே செய்து சரிபார்த்துத் தருகிறேன் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகியிருக்கிறேன் என்றேன்.

ரஞ்சனா புதுத் தொப்பி போட்டுக்கொண்டு பக்கத்தில் தயாராக நின்றாள். "நான் ஒரு ரவுண்டு பாத்துட்டுத் தரேன்" என்று சொல்லி ரேடியோவை நானே கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

நாற்பது விநாடி இருக்கும். போகும்போது அழகாகத்தான் போனது. திருப்பி எங்களை நோக்கி வரவைத்தேன். விமானம் எதிரே வந்தால் நம் இடது அதன் வலது. நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிவைத்த விஷயம். கை அதைப் படிக்கவில்லையே! சாய்ந்தது, இன்னும் சாய்த்தேன். தலைகீழாகத் திரும்பி நேரே தரையில் குத்தியது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ரஞ்சனா தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்துபோய்த் துண்டுகளைப் பொறுக்கினாள். பக்கவாட்டில் கிடந்த வால்துண்டு அவள் கண்ணில் படவில்லை, அதை மிதித்துவிட்டு அவளே மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்! "பரவால்லங்க, பழகுறப்ப ஆகுறதுதானே" என்றாள். அன்றைக்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்க வேண்டும். திட்டியிருந்தால் மறுநாளே ஓடிப்போய் அந்தச் சின்னதை வாங்கியிருப்பேன். திட்டாததால் பெரியதற்கு உதிரி இறக்கை தேட உட்கார்ந்தேன்.

உதிரி இறக்கை வருவதற்குள் அவளுக்குக் கண்ணில் அழுத்தம் எகிறிவிட்டது. பிப்ரவரி கடைசியில் ஆபரேஷன். அழுத்தம் இறங்கியது, பார்வை இன்னும் சுருங்கியது. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றாள். டீ டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, பால்கனிக்கு வந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். பிறகு உள்ளே வந்து மதுதா வைத்திருந்த அதே சின்ன கிளைடருக்கு ஆர்டர் கொடுத்தேன். யோசிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாலே நாளில் வந்துவிட்டது.

அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு நானே பூசினேன்.

டாக்டர் வெளியே போகலாம் என்று சொல்ல ஏப்ரல் ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் புயல்மழை அடிக்கிற மாதம். காலை ஏழு மணிக்கே மைதானத்தில் இருந்தோம். மதுதா தன் ரேடியோவையும் ரஞ்சனாவின் ரேடியோவையும் சேர்த்து இணைத்தார். அவள் ஓட்டலாம், ஆபத்தென்றால் அவர் ஒரு பொத்தானைத் தட்டித் தன் கைக்கு வாங்கிக்கொள்ளலாம். அவள் ரேடியோவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மதுதா வீசி, உயரத்துக்குக் கொண்டுபோய், மோட்டாரை நிறுத்தினார். "பௌதி, இனி உங்களுடையது."

அவள் குச்சியை இம்மி அசைத்தாள். கிளைடர் இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது. "ஐயோ, கேக்குதுங்க! நான் சொன்னா கேக்குது!" என்றாள். அடுத்த நொடி, "எங்க போச்சு?" என்றாள்.

"இடது பக்கம். கொஞ்சம் மேல."

தலையைத் திருப்பினாள். அதற்குள் அது வேறு இடத்துக்குப் போயிருந்தது. "இப்ப வலது பக்கம்" என்றேன். வலது பக்கம் தேடினாள். வானம் முழுக்க வெளுத்துக் கிடந்தது. அந்தக் குழாய்க்குள் அது மறுபடி அகப்படவே இல்லை. மதுதா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பொத்தானைத் தட்டித் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். இரண்டு வட்டம் அடிக்கவைத்து, எங்களுக்குப் பின்னால் புல்லில் மெதுவாக இறக்கினார். சத்தமே வரவில்லை.

ரஞ்சனா அண்ணாந்தபடியே குச்சிகளை அசைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை பதமாக, அத்தனை கவனமாக.

"தெரியலைங்க, ஆனா பரவால்ல. கையிலயே தெரியுற மாதிரி இருக்கு. சரியாத்தானே போகுது?"

"சரியாத்தான் போகுது."

"எங்க இருக்கு இப்ப?"

"உன் தலைக்கு மேல. பெரிய வட்டமா."

இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினாள். அவள் கழுத்து வலிக்குமே என்றுகூடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிறகு, "போதுங்க. இறக்கிடவா?" என்று கேட்டாள்.

"இறக்கு."

"நீங்க சொல்லுங்க."

சொன்னேன். கொஞ்சம் இடது. நேரே விடு. தாழ வருது, தாழ வருது. மெல்ல மூக்கைத் தூக்கு. அவ்வளவுதான், விடு. நான் சொன்னதையெல்லாம் அவள் அப்படியே செய்தாள்.

"உடையலையே?"

"இல்ல ரஞ்சனா. ஒரு கீறல்கூட இல்ல" என்றேன். ஓடிப்போய்ப் புல்லிலிருந்து அதை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் இறக்கையை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நிஜமாகவே நம்பினாளா, எனக்காக நம்புகிற மாதிரி இருந்தாளா, தெரியாது. இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.