படமாக ஒட்டிய அட்டவணை

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவருக்குக் கட்டக்காரர் என்று பெயர். எக்செல்லில் அவர் போடும் கட்டங்களில் அப்படி ஓர் ஒழுங்கு. தலைப்புக்கு நீலம், குழாய்க் கசிவு அதிகமுள்ள பகுதிக்குச் சிவப்பு, தொல்லையில்லாத பகுதிக்குப் பச்சை. வீட்டு மளிகைப் பட்டியலையும் விட்டுவைக்க மாட்டார். "உப்புக்கு எதுக்குங்க ஊதா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த அழகையெல்லாம் வேர்ட் அறிக்கைக்குக் கொண்டுபோகும்போதுதான் மனிதருக்கு உயிர் போகும். ஒட்டினால் கடைசி நெடுவரிசை தாளுக்கு வெளியே போய் நிற்கும். இழுத்து உள்ளே வைத்தால் எழுத்து உடையும், கோடு மறையும். அட்டவணையைப் படமாக ஒட்டிவிட்டால் இந்த வம்பே இல்லை, எதுவும் அசையாது.

ஆனால் புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் பெண்ணுக்குக் கண் தெரியாது. கணினி வாசிப்பதைக் காதில் கேட்டுத்தான் வேலை பார்ப்பாள். வந்த புதிதிலேயே அவரிடம் சொல்லியிருந்தாள்.

"அண்ணா, அட்டவணைய படமா மட்டும் வெச்சிடாதீங்க. படத்துக்குள்ள இருக்கறத இதுக்கு வாசிக்கத் தெரியாது."

"அதுக்கென்னம்மா, அட்டவணையாவே வெச்சுடறேன்" என்றார். கொஞ்ச நாள் அப்படியே வைக்கவும் செய்தார்.

பிறகு ஒரு கசிவு அறிக்கை வந்தது. தலைமைப் பொறியாளர் முன்னால் அவள் விளக்க வேண்டும்; அதைப் பார்த்துத்தான் அவள் வேலையை நிரந்தரமாக்குவார்கள். அன்று பார்த்து நெடுவரிசைகள் எதற்கும் மசியவில்லை. திரும்பத் திரும்ப ஒட்டினார். கோடு கோணியது, சிவப்பு காணாமல் போனது. பெரிய அதிகாரி பார்க்கிற தாளாயிற்றே. இந்த ஒரு தடவை மட்டும் என்று படமாக ஒட்டி, கூட்டம் தொடங்கும் நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பினார். அவளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மாற்றச் சொல்வாள்.

முன்னுரையை அவள் தடங்கலில்லாமல் விளக்கினாள். பொறியாளர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"மேற்குப் பகுதியில கசிவு எவ்வளவும்மா?"

அவள் விசையை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். "அட்டவணை எனக்கு வரல சார்."

"எல்லாருக்கும் வந்திருக்கு, உங்களுக்கு மட்டும் வரலையா?"

யாரோ சிரித்தார்கள். அவள் முகம் கட்டக்காரர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியது. அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் தாளைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

"தயாராகாம வந்தா எப்படி? நிரந்தரமாக்குறத அப்புறம் பாக்கலாம்" என்ற பொறியாளர் அச்செடுத்து வைத்திருந்த தாளைத் தூக்கிப் பிடித்தார். "ஆனா அட்டவணைய கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. யாரு செஞ்சது?"

பாழாய்ப்போன கை தானாக மேலே போனது. "நான்தான் சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்து அவள் அவருடைய மேசைக்கு வந்தாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நல்லா இருந்துச்சாமே அண்ணா. எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. "தலைப்பு நீலம்மா. அதுக்குக் கீழ..."

"நிறம் வேணாம் அண்ணா. எண்ணைச் சொல்லுங்க."

"மேற்குப் பகுதி..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். இத்தனை வயதுக்கு மேல் இப்படி ஒரு வெட்கக்கேடு. எழுந்தார். "உன் லேப்டாப்ப கொஞ்சம் குடும்மா."

"என்ன கட்டக்காரரே, பாராட்டு பத்தலையா?" என்றார் பொறியாளர், அவரை அறை வாசலில் பார்த்ததும்.

"இந்த ஹெட்போன காதுல மாட்டிக்கிட்டு கண்ண மூடிக்கோங்க சார். மேற்குப் பகுதியில கசிவு எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்க."

விளையாட்டு என்று நினைத்து அவரும் கண்ணை மூடிக்கொண்டார். கட்டக்காரர் விசையை அழுத்தினார்.

"படம்னு சொல்லுது."

"ஆமா சார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார். அந்தப் பொண்ணுக்கு வந்தது அவ்வளவுதான்."

பொறியாளர் கண்ணைத் திறந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "நாளைக்கு அவங்க மறுபடி விளக்கட்டும்" என்றவர், அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "படமா ஒட்டினா அவங்களுக்கு இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. பொறியாளரும் நம்பிவிடுவார்.

"தெரியும் சார்" என்றார்.