அக்கா வீட்டுக் கூரையில் ஒரு பூஜ்யம்

எண்கள் ஒழுங்காக வந்தால் மற்றவர்களுக்குச் சந்தோஷம். மாடல்காரிக்கு மட்டும் மூக்கில் வியர்க்கும். எங்கேயோ எவனோ பூசி மெழுகுகிறான் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வாள்.

அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சிமென்ட் ஆலைப் புகையிலிருந்து பிரித்தெடுத்த கரியமில வாயுவை அழுத்தி, ஆழமான கிணறு வழியாகப் பூமிக்கடியில் உப்புத் தண்ணீர் ஊறிய மணற்பாறைக்குள் செலுத்திக்கொண்டிருந்தார்கள். கீழே அவ்வளவைத் திணித்தால் மேலே தரை கொஞ்சம் உப்பத்தான் செய்யும். எங்கே உப்பும், எவ்வளவு உப்பும் என்று கணினியில் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. அந்தக் கணக்குக்குப் பெயர்தான் மாடல். "சின்னவ மாடலிங் பண்றா" என்று அம்மா ஒரு கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லப்போய், கேட்டவர்கள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். அந்த வயிற்றெரிச்சல் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், தரை உப்பவில்லை. இந்நேரம் கிணற்றைச் சுற்றி ஒரு விரல் தடிமனுக்காவது எழும்பியிருக்க வேண்டும் என்றது மாடல். மேலே சுற்றும் ரேடார் செயற்கைக்கோள் எடுத்த படமோ, அப்படியே கிடக்கிறது என்றது. சரி, பம்ப் நிலையத்திலிருந்து வரும் கணக்கைப் பார்ப்போம் என்றால், வாயு முழு வீச்சில் உள்ளே போகிறதாம். ஆனால் கிணற்றின் அழுத்தம் மட்டும் ஏறவே இல்லை. அளவுகோல் வைத்துப் போட்ட கோடு மாதிரி நேராகப் போயிற்று.

தலையணைக்குள் பஞ்சைத் திணிக்கத் திணிக்க அது உப்பாமல் இருக்குமா? இருந்தால் ஒன்று, பஞ்சு எங்கேயோ வெளியே கொட்டுகிறது. இல்லை, திணிக்கிறேன் என்று சொல்கிற ஆள் புளுகுகிறான். கசிவு பார்க்கும் கருவிகள் அத்தனையும் சுத்தமாக இருந்தன. அப்படியானால் மிச்சம் இருப்பது புளுகுதான்.

அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர் பம்ப் நிலையத்தின் பொறுப்பு இஞ்சினீயர். அவளுடைய அக்கா வீட்டுக்காரர்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செயற்கைக்கோள் எந்த இடத்தையும் இவ்வளவு உயரம் என்று சொல்லாது. ஒரு இடத்தைவிட இன்னொரு இடம் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று மட்டும்தான் சொல்லும். அதனால் இந்தத் தொழிலில் யாராவது ஒருவர் வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு, இது அசையாது என்று சொல்லியாக வேண்டும். அதுதான் பூஜ்யம். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்துதான் அளப்பார்கள். அவள் தேர்ந்தெடுத்த பூஜ்யம், குடியிருப்புப் பகுதியில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் போட்டிருந்த தகரக் கூரை. ரேடாருக்குத் தகரம் பளிச்சென்று தெரியும். உப்பல் அவ்வளவு தூரம் வராது என்று மாடலும் சொன்னது. அதோடு, சொல்ல வெட்கமாக இருந்தாலும், அக்கா வீடு என்ற பாசமும் கொஞ்சம் இருந்தது. மாதாமாதம் படம் வந்ததும் நடுவில் அந்தச் சின்னப் புள்ளியைப் பார்த்து, "அக்கா, அசையாம இரு" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

மாமாவைச் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் சந்தேகம் வரவேண்டிய வழியில் தானே வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் நடவடிக்கையும் அதற்கு நாற்காலி எடுத்துப் போட்டது. அக்கா வீட்டுக்குப் போனால், போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் குசுகுசுவென்று பேசினார். இவள் தலை தெரிந்ததும், "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்தார். எப்போதும் திறந்து கிடக்கும் சாமான் அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தார்.

"என்னக்கா, உள்ள புதையல் ஏதாவது வச்சிருக்காரா?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? கேட்டா எரிஞ்சு விழறாரு," என்றாள் அக்கா. "குளிக்கிற ரூம்ல தண்ணி ஓட்டைப் பக்கம் போகாம கூடத்துக்கு வருதுடி. டைல்ஸ் மாத்தறேன் பேர்வழின்னு இவரே ஆளை வச்சு மாத்தினாரு பாரு, அந்த லட்சணம். வாசக் கதவும் இறுகிப் போச்சு. எதைச் சொன்னாலும் காதுல வாங்கறதில்ல."

மாடல்காரி இதையும் மாமா கணக்கிலேயே எழுதிக்கொண்டாள். வீட்டில் மனசு இல்லாத மனிதனுக்கு வேறு எங்கோ மனசு மாட்டியிருக்கிறது, வேறென்ன?

அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்தவரை எல்லோரும் 'ம்ம்' என்பார்கள். எதைச் சொன்னாலும் அதற்கு மேல் பேசமாட்டார். அன்று படத்தைப் பார்த்துவிட்டு அபூர்வமாக வாயைத் திறந்தார்.

"குவாரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாறைக் குன்று இறங்கற மாதிரி காட்டுதே?"

"கல்லு உடைக்கிறாங்க சார். வயல் இறங்கறது போர் போட்டுத் தண்ணி எடுக்கிறதால. அதெல்லாம் நான் பார்த்துட்டேன்."

"பாறை இறங்குமா?"

"சார், கிணத்தைப் பாருங்க சார். அழுத்தம் ஏறல. தரை ஏறல. வாயு உள்ள போகல, அவ்வளவுதான். போறதா எழுதறாங்க."

"எழுதறது உங்க மாமாதானே?"

"அதனாலதான் சார் நானே சொல்றேன். நான் மறைச்சேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

"ம்ம்," என்றார் அவர்.

உறவைப் பார்க்காமல் உண்மையைச் சொல்கிறோம் என்ற பெருமையில் அவளுக்கு நெஞ்சு விம்மியது. நல்லவர்களுக்கு வரும் வியாதி அது. பம்ப் நிலையத்தின் அளவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று எழுதி அனுப்பினாள். விசாரணை முடியும்வரை மாமாவை வேலைக்கு வர வேண்டாம் என்று மறுநாளே சொல்லிவிட்டார்கள். யார் எழுதியது என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பும் பையுமாக அக்கா வீட்டுக்குப் போனாள். ஆறுதல் சொல்ல என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அந்தச் சாமான் அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் என்ற அரிப்பு. மாமாவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், எழுதியது சரிதான் என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

வாசற்கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. அக்கா உள்ளிருந்து இழுக்க, இவள் வெளியிலிருந்து தள்ள, ஒருவழியாக உள்ளே போனாள். அக்காவின் கண்கள் வீங்கியிருந்தன. டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"எவனோ ஒரு பாவி இவர் மேல எழுதிப் போட்டுட்டான்டி. இத்தனை வருஷம் ஒரு சொல்லு கேட்டதில்ல இந்த மனுஷன். எழுதினவன் நல்லாயிருப்பானா? அவன் குடும்பம் விளங்குமா?"

மாடல்காரி டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள். அவன் குடும்பம் என்றால் அதில் அக்காவும் சேர்த்திதானே.

"மாமா எங்க?"

"உள்ளதான். அந்த ரூமுக்குள்ளயே கிடக்காரு."

அறை இன்று திறந்திருந்தது. மாமா தரையில் குந்தியிருந்தார். கையில், கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது போல, தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய். அதன் மறுமுனை ஜன்னல் வழியாக வாசல் பக்கம் போயிருந்தது. சுவர் முழுக்க, தரைக்குக் கொஞ்சம் மேலே, பென்சில் கோடுகள். இவளைக் கண்டதும் குழாயைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அவ்வளவு பெரிய குழாயை எங்கே மறைப்பது? தண்ணீர் மடியில் கொட்டியதுதான் மிச்சம்.

"என்ன மாமா இது?"

"மெல்லப் பேசும்மா. உங்க அக்கா காதுல விழப் போகுது."

"அக்காவுக்குத் தெரியக் கூடாத அளவுக்கு என்ன?"

மாமா கதவைப் பார்த்துக்கொண்டார். "வீடு இறங்குதும்மா. கொல்லைப் பக்கம் அஸ்திவாரம் கீழ போகுது. மேஸ்திரி ஏமாத்திட்டான். அவன்கிட்டத்தான் போன்ல சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். இந்த இடம் வேண்டாம், வேற பார்க்கலாம்னு உங்க அக்கா அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் பிடிவாதமா வாங்கினேன். இப்போ இது தெரிஞ்சா, நான் சாகறவரைக்கும் சொல்லிக் காட்டுவா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக் கடவுளே, பூட்டுக்குள் இருந்த ரகசியம் இதுதானா? பெண்டாட்டிக்குப் பயந்த ஒரு மனிதனையா திருடன் என்று எழுதினோம்? சிரிப்பு அந்த நினைப்பிலேயே செத்துப்போனது. பிறகு வேறொன்று மெதுவாக உறைத்தது.

"கொல்லைப் பக்கம் இறங்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வாசல் பக்கக் கோட்டோட ஒப்பிட்டுப் பாரு. இது எவ்வளவு கீழ இருக்கு."

"வாசல் பக்கம் ஏறியிருந்தாலும் இப்படித்தானே மாமா தெரியும்?"

"வீடு எங்கேயாவது ஏறுமா?" என்றார் மாமா.

பாறை இறங்குமா என்று 'ம்ம்' கேட்டது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டு மேசையில் கிடந்த தட்டுகளைத் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். அக்கா வீட்டுக் கூரையிலிருந்து பூஜ்யத்தை எடுத்தாள். குவாரிக்கு அப்பால், வேட்டு வைக்கும் இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, யாரும் கை வைக்காத பாறைக் குன்றின் உச்சியில் அதை வைத்தாள். கணக்கு ஓடி முடிகிறவரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

படம் வந்தது. இறங்கிக்கொண்டிருந்த வயல்களெல்லாம் அமைதியாகிவிட்டன. பாறையும் இறங்கவில்லை, வயலும் இறங்கவில்லை. பாவம், போர் போட்டவர்களையும் கல் உடைத்தவர்களையும் வீணாகப் பழித்திருந்தாள். கிணற்றைச் சுற்றித் தரை நன்றாகவே எழும்பியிருந்தது. அதுவும் மாடல் சொன்னது போல் ஒரே மேடாக இல்லை. நடுவில் பள்ளம் விட்டு இரண்டு மேடு, பிளவுபட்ட ரொட்டி மாதிரி. அந்த இரண்டு மேடும் நீண்டு குடியிருப்புவரை வந்திருந்தன. அதில் ஒன்றின் விளிம்பில், வாசல் மேட்டுப் பக்கமாக இருந்தது அக்கா வீடு; கிணற்றுத் தரை எழும்பிய அளவுக்கு அந்தத் தகரக் கூரையும் எழும்பியிருந்தது.

இரண்டு மேடு என்றால் இந்தத் தொழிலில் ஒரே அர்த்தம்தான். கீழே பாறை பிளந்திருக்கிறது. பிளவுக்குள் வாயு புகுந்து அதை அகட்டிக்கொண்டே போயிருக்கிறது. இடம் கிடைத்ததால்தான் அழுத்தம் ஏறவில்லை. மாமா எழுதியது ஒவ்வொன்றும் நிஜம். அவள் மாடலில் பிளவு இல்லை, ஏனென்றால் அவள் வைக்கவில்லை. அக்கா வீடு மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. மாதாமாதம் அவள்தான் அதைப் பிடித்து அழுத்திப் பூஜ்யத்தில் உட்கார வைத்துவிட்டு, ஊரே இறங்குகிறது என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

மறைக்க நினைத்திருந்தால் கொல்லைப்பக்கம் போய்ப் பேசியிருக்கலாம். அவள் அங்கேயே நின்று 'ம்ம்'முக்குப் போன் போட்டாள். அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், கிணத்தை உடனே நிறுத்தச் சொல்லுங்க. கீழ பாறை பிளந்திருக்கு, குடியிருப்பு வரைக்கும் வந்துடுச்சு. இந்தத் தெருவையும் காலி பண்ணச் சொல்லணும்." மூச்சு வாங்கியது. "மாமா குடுத்த அளவெல்லாம் சரி சார். அக்கா வீடு அசையாதுன்னு நான் வச்ச பூஜ்யம்தான் தப்பு. அவரைப் பத்தி நான் எழுதினது மொத்தமும் தப்பு. அதை எல்லாருக்கும் சொல்லிடுங்க."

இந்தத் தடவை அவர் 'ம்ம்' என்று சொல்லவில்லை. "நிறுத்தச் சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டார்.

மாமா ஈர வேட்டியோடு நின்றார். அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எழுதினது நீயா?"

"ஆமாக்கா."

"இந்த வீடு அசையாதுன்னு சொன்னதும் நீயா?"

"ஆமா. எதைச் சந்தேகப்பட்டாலும் இதை மட்டும் நான் சந்தேகப்படல. உன் வீடுன்னு..."

அக்கா திறந்து கிடந்த சாமான் அறையின் சுவரைப் பார்த்தாள். பென்சில் கோடுகளைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"தகரத்தையும் செங்கல்லையும் நம்பியிருக்க," என்றாள் அக்கா. "உன்னை ஸ்கூட்டர்ல வச்சு காலேஜுக்குக் கொண்டுபோய் விட்ட மனுஷனை நம்பல."

மாடல்காரிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுவதற்கும் இந்த வீட்டில் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. "ரெண்டு பேரும் இன்னைக்கே கிளம்பிடுங்க. நான் தெருவுல மத்த வீடுகளுக்குச் சொல்லிட்டு வரேன்," என்று லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அதற்குள் அக்கா உள்ளே போயிருந்தாள். பீரோவைத் திறந்து துணிகளை எடுத்துக் கட்டில்மேல் போடத் தொடங்கியிருந்தாள்.

கதவு திறக்க மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. மாமா பின்னால் வந்து, அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கைப்பிடியைத் தூக்கியபடி ஒரே இழுப்பில் திறந்துவிட்டார்.

"பார்த்துப் போம்மா," என்றார்.