முடிவைச் சொல்லக் கூடாது

ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீர் டம்ளருமாகத் தையல்காரம்மா வந்து நின்றதும், சோபாவில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினார். கழற்றி, ஜோடி சேர்த்து, ஓரமாகத் தள்ளி வைத்தார். வேறு வீடாக இருந்தால் ஒரு வயசாளி ரப்பர் செருப்பைக் கழற்றுவதில் பயப்பட என்ன இருக்கிறது? இந்த வீட்டில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். கொலைகாரர் யார் என்று சொல்லப் போகிறார்.

"உக்காருங்கம்மா," என்றார். "நின்னுக்கிட்டே பேச வேண்டாம்."

கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா', 'ஏய்', 'எங்க போய்த் தொலைஞ்சே' என்று கூப்பிட்டுப் பழகிய மனுஷர். அவர் வாயிலிருந்து 'நீங்க' வந்த அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. டாக்டர் அதற்கு ஏதோ நீளமாகப் பெயர் சொன்னார். பெயரெல்லாம் எதற்கு? பெண்டாட்டிக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார், அவ்வளவுதான் வியாதி.

அவள் தையல் மெஷினின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு அவளும் தயாராகத்தான் வந்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் சொல்லிக் கொடுத்ததை மத்தியானத்திலிருந்து மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் அந்தத் தொடரால் வந்த வினை. வாரத்துக்கு ஒரு முறை டிவியில் வந்துகொண்டிருந்த பழைய துப்பறியும் தொடர் அது. கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்து, கலருக்கு மாறி, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றும் போனது. அதில் துப்பறிகிறவர் தொந்தியும் தொப்பியுமாக ஒரு சாதாரண ஆள். துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. செத்துப்போனவர் வீட்டுக்குப் போய் ஊர்க்கதை பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கடைசியில் எல்லோரையும் ஒரே அறையில் கூட்டிவைத்து, மெதுவாகக் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பார். "உண்மையச் சொல்றப்ப கால் தரையில படணும்" என்பார். ஷூவை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தால் பெயர் வந்துவிடும்.

அவர் குனிகிற நேரம் இந்த வீட்டுக் கூடத்தில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது. அப்போது தெருவில் இரண்டு வீட்டில்தான் டிவி. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் இங்கேதான் இருப்பார்கள். ஷூ கயிறு அவிழ்வதற்குள் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பெயர் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னவர்கள் போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். அந்த வாரம் பார்க்காதவர்களிடம் முடிவைச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த வாரம் உள்ளே விடமாட்டார்கள். இதுதான் சட்டம். சட்டம் போட்டவர் அவள் புருஷன்தான்.

அவருக்கு வேலை வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்ப்பது. போகிற வீட்டிலெல்லாம் ஒரு கண் மீட்டரிலும் ஒரு கண் அடுப்படியிலும் இருக்கும். "அந்த மூணாவது வீட்டுல ஏதோ சரியில்ல. ரெண்டு பேருக்கு இவ்வளவு கரண்ட் எதுக்கு?" என்று வந்து சொல்வார். விசாரித்தால் இஸ்திரி போட்டுப் பிழைக்கிற குடும்பமாக இருக்கும். தெருவே அவரை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிட்டது. அந்த இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு தடவைகூடக் குற்றவாளியைச் சரியாகச் சொன்னதில்லை. பால்காரன் என்பார், டிரைவர் என்பார், ஒரு தடவை செத்துப்போனவரையே சொன்னார். கையில் துணியை வைத்து ஓரம் அடித்துக்கொண்டே பார்க்கிற அவளுக்குப் பாதிக் கதையிலேயே தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பொய் சொல்கிறவர்களுக்குத் தோள் ஒரு மாதிரி நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அவள் வாய் திறந்து சரியான பெயரைச் சொன்னதே கிடையாது. சொன்னால் மனுஷர் தனியாக அடுப்படிக்குப் போக வேண்டும். அதனால் அவளும் வாய்க்கு வந்த யாரையாவது சொல்லிவைப்பாள். இரண்டு பேருமாக அந்தச் சின்ன அடுப்படியில் முட்டி மோதி டீ போடுவார்கள். "நீயும் என்னை மாதிரி மக்குதாண்டி" என்று அவர் சர்க்கரை டப்பாவைத் தேடுவார். அவளுக்கு அதைவிட வேறு சந்தோஷம் இருந்ததாக இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் மிச்சம் இருப்பவர் மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான். அப்போது மீசை முளைக்காத பையன், இப்போது தலையெல்லாம் நரைத்த முதலாளி. பொழுது சாய்ந்தால் இன்ஸ்பெக்டர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து தவிக்கிறார், "வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்" என்று கதவைப் பிடித்து உலுக்குகிறார் என்று கேள்விப்பட்டதும், கடைக்காரர்தான் ஒரு பென் டிரைவோடு வந்தார். உலகம் முழுக்க அந்தத் தொடருக்கு இன்னமும் ஆட்கள் இருக்கிறார்களாம். பேரன் பேத்தி எடுத்தவர்கள் போனில் ஒரு குழு வைத்துக்கொண்டு, எந்தக் கதையில் எந்தத் தடயம் இடித்தது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்களாம். யாரோ பரண்மேல் வைத்திருந்த கேசட்டுகளைத் தூசி தட்டி, இப்போது இல்லாத சோப்பு விளம்பரங்களோடு சேர்த்து ஏற்றி வைத்திருந்தார்கள்.

"அக்கா, அண்ணனுக்கு எது ரொம்பப் பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல, அதையே போடுங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

தெரியாமல் என்ன? அவள் யோசிக்கவே இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பணக்காரர். அவருடைய மனைவி வெளியூர் போயிருக்கும்போது அதே முகஜாடையில் வேறொரு பெண் உள்ளே நுழைந்துவிடுவாள். தினம் சாயங்காலம் ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் கொன்றுகொண்டிருப்பாள். அந்தக் கதையைத்தான் அவள் போட்டாள். தொடரைப் பைத்தியமாகப் பார்த்தவர்களைத் தவிர வேறு யாருக்காவது இந்தப் புத்தி வருமா? ஆரம்ப இசை வந்ததுமே நடந்துகொண்டிருந்தவர் நின்றார். சோபாவில் வந்து உட்கார்ந்தார். கையால் தட்டிப் பக்கத்தில் இடம் காட்டினார். மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கும் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சோறு இறங்கியது. அப்புறம் தினமும் அதையே போட்டாள். முந்தின நாள் பார்த்தது அவருக்கு நினைவில் நிற்காது என்பதால் தினமும் அவருக்கு அது புதுக்கதை.

நினைவில் நிற்கவில்லை என்று அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மகள் பெயர் போயிற்று, தெரு போயிற்று, செத்துப்போன அண்ணன் திரும்ப உயிரோடு வந்துவிட்டார். அந்தக் கதை மட்டும் எங்கேயோ ஆழத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் சாயங்காலம் அவள் மாத்திரையை நீட்டியதும் அவர் முகத்தையே பார்த்தார்.

"என் சம்சாரம் எங்க?" என்றார்.

அன்றிலிருந்து அவள் கையால் மாத்திரை இறங்கவில்லை. ரத்தம் கட்டாமல் இருப்பதற்கான மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் மூளைக்கோ இதயத்துக்கோ போய் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் தலையில் அடிக்காத குறையாகச் சொல்லியிருந்தார். வெளியூரில் இருக்கும் மகள் போனில் அழுதாள். "சோத்துல பிசைஞ்சு குடும்மா, அவருக்கு என்ன தெரியப் போகுது" என்றாள். வாழ்நாள் முழுக்க எதையும் கண்டுபிடிக்காத மனுஷர், அந்தக் கவளத்தை நாக்கில் வைத்ததும் துப்பிவிட்டு, வெள்ளைத் தூளை விரலால் தொட்டுக் காட்டினார். மருந்துக்கடைக்காரர் வந்து கொடுத்தபோது மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது. அதுவும் நிலைக்கவில்லை. வாசலில் கடைக்காரரும் அவளும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததை இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். மறுநாள் மருந்துக்கடைக்காரரைப் பார்த்ததும், "நீயும் இதுக்கு உடந்தையா தம்பி?" என்று கேட்டார். அவ்வளவு வருத்தமாகக் கேட்டார்.

டிவியை நிறுத்திப் பார்த்தாள். கதவை உலுக்க ஆரம்பித்தார். வேறு கதை போட்டாள். அதிலும் அவளையே குற்றவாளியாகக் கண்டுபிடித்தார். டாக்டர், "கட்டாயப்படுத்தாதீங்க, புரை ஏறிடும்" என்றார். ஊசியாகப் போடலாம் என்று நர்ஸை அனுப்பினார்கள். ஊசியைப் பார்த்ததும் அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள்.

நேற்று மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று கடைக்காரர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "அக்கா, நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். குழுவுலயும் கேட்டேன். ஒரே வழிதான். நீங்க ஒத்துக்கங்க."

"எதை?"

"நான்தான் செஞ்சேன்னு. நம்ம தொடர்ல குற்றவாளி ஒத்துக்கிட்டா என்னாகும்? பிரச்சின முடிஞ்சிடும். எல்லாருக்கும் நிம்மதி வந்துடும். அண்ணனுக்கும் வரும்."

கேட்ட மாத்திரத்தில் அவளுக்கும் சரி என்றுதான் பட்டது. இத்தனை வருஷம் அந்தத் தொடரைப் பார்த்தவள் அல்லவா?

இப்போது அவர் வெறுங்காலைத் தரையில் நன்றாகப் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் டிவியில் சத்தம் குறைத்து அதே கதை ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் ஒருத்தி டம்ளரோடு நின்றாள்.

"நான்தாங்க," என்றாள் தையல்காரம்மா. "நான்தான் செஞ்சேன்."

அவர் கோபப்படவில்லை. தலையை மெதுவாக ஆட்டினார். தொந்தி இல்லாவிட்டாலும் அந்த ஆட்டல் அச்சு அசல் தொடரில் துப்பறிகிறவருடையதுதான்.

"எதுக்கும்மா செஞ்சீங்க?"

இதை அவள் ஒப்பிக்கவில்லை. மருந்துக்கடைக்காரரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொத்து, பழைய பகை, இன்னொருத்தி என்று தொடரில் எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கும். அவளுக்கோ தன்னை அறியாமல் வேறொன்று வந்தது.

"முடியலங்க. ரொம்பக் களைச்சுப் போயிட்டேன்."

பொய் சொல்ல வந்த இடத்தில் இது எப்படி வந்தது? அவர் கதவை உலுக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, மெஷின்மேல் தலையைச் சாய்த்து, 'எப்படியாவது முடிஞ்சிடாதா' என்று எத்தனை மத்தியானம் நினைத்திருக்கிறாள். மாத்திரை உள்ளே போகாத நாட்களில்கூட நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டும் இருக்கிறாள். அவர் கண்டுபிடித்தது முழுக்கத் தப்பு என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"ஒத்துக்கிட்டீங்களே, அது பெரிய விஷயம்," என்றார் அவர். நிஜமாகவே அவர் முகம் தெளிந்துவிட்டது. உள்ளங்கையை நீட்டினார். "குடுங்க அதை."

மாத்திரையை அவர் கையில் வைத்தாள். டம்ளரையும் நீட்டினாள். அவர் டம்ளரை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விரித்து, மாத்திரையை நடுவில் வைத்து மடித்தார்.

"என்னங்க, அதைச் சாப்பிடணும்."

"சாப்பிடறதா?" அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "இப்பத்தானம்மா ஒத்துக்கிட்டீங்க. இது தடயம். இதை முழுங்கிட்டா கேஸ் என்னாகறது?"

நீட்டிய டம்ளரை அவள் மடியில் இறக்கிக்கொண்டாள். தொடரில் குற்றவாளி ஒத்துக்கொண்டதும் நடிகர்களின் பெயர்கள் திரையில் ஓட ஆரம்பித்துவிடும். பெயர்கள் ஓடி முடிந்த பிறகு அந்த நோயாளி யார் கையால் மருந்து சாப்பிட்டார் என்று அவளோ, மருந்துக்கடைக்காரரோ, உலகம் முழுக்க இருக்கிற அந்தக் குழுவோ ஒரு நாளும் கேட்டதில்லை. மெஷின்மேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது. என்ன ஆயிற்று என்று கேட்க மருந்துக்கடைக்காரராகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை.

அவர் கைக்குட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சற்று முன்னால் சாய்ந்து குரலைத் தணித்தார்.

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க. என் சம்சாரம் வெளிய போயிருக்கா. வந்துடுவா. அவகிட்ட முடிவச் சொல்லிடாதீங்க."

"ஏங்க?"

"அவளே கண்டுபிடிப்பா. எப்பவும் பாதியிலயே அவளுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சுக்கிட்டே தப்பா சொல்லுவா." அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் பார்த்து எவ்வளவோ நாளான பழைய சிரிப்பு. "டீ போட நான் தனியாப் போயிடக் கூடாதாம். எனக்கு இது தெரியும்னு அவளுக்குத் தெரியாது. மக்குன்னு சொல்லிட்டே இருப்பேன். நீங்க சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேங்க," என்றாள்.

அவர் சோபாவில் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். சுருங்கியிருந்த விரிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். அவள் முக்காலியிலிருந்து எழுந்து அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

"அங்க வேண்டாம்மா," என்றார் அவர், மரியாதையாக. "அது அவ இடம்."

அவள் திரும்பவும் முக்காலியில் உட்கார்ந்தாள். டிவியில் அந்தத் தொந்திக்காரர் ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்துகொண்டிருந்தார். இவர் அதைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், இதோ வந்துவிடுவாள் என்பதுபோல. கையில் தண்ணீர் டம்ளரோடு அவளும் வாசலைப் பார்த்தாள்.